நாலாவது சீட்டுக்கு ஒரு நெட்புக்: நோக்கியா புக்லெட் எடுக்கலாமா?

டோம்பிவிலி பாசஞ்சர் | திங்கள், இரவு 10:14

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை மும்பை லேமிங்டன் ரோட்டுக்கு ஒரு சார்ஜர் வாங்கப் போனேன். சார்ஜர் வாங்கலை. கடைக்காரர் பழைய சாமான் அடுக்கி வச்சிருந்த ரேக்குல ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. அதோட அன்னிக்கு மத்த வேலை எல்லாம் போச்சு.

நோக்கியா புக்லெட் 3ஜி. நெட்புக்னு சொல்ற குட்டி லேப்டாப், 2009 சரக்கு. நோக்கியா லேப்டாப்பெல்லாம் போட்டாங்களான்னு கேக்காதீங்க, போட்டாங்க. உடம்பு அலுமினியம், மூடி மட்டும் பளபளன்னு நீலம். 10.1 அங்குலத் திரை, எடை 1.25 கிலோ, தடிமன் 2 சென்டிமீட்டர். ஃபேனே கிடையாது. கையில எடுத்தா சில்லுனு, வெள்ளித் தட்டு மாதிரி இருக்கு. கடைக்காரர் 5,500 சொன்னார். நான் ஒண்ணும் பேசாம திருப்பித் திருப்பிப் பாத்துட்டிருந்தேன், 4,500க்கு அவரே இறங்கினார்.

எனக்கு எதுக்குன்னா, ரயில்ல கதை எழுத. காலையில டோம்பிவிலியில ஏறும்போது நிக்கத்தான் இடம். காட்கோபர்ல மெட்ரோ கூட்டம் இறங்கினதும் நாலாவது சீட் கிடைக்கும். (ஊர்லேருந்து படிக்கிறவங்களுக்கு: மூணு பேர் உக்கார்ற பலகையில நாலாவதா ஒருத்தர் ஒட்டிக்கிறது. ஒரு தொடை உள்ள, ஒரு தொடை வெளிய.) அங்கேருந்து சிஎஸ்டி வரைக்கும் அரை மணி நேரம் என் நேரம். திரும்பும்போது அங்கேயே ஏறுறதால ஜன்னல் சீட், ஒரு மணி நேரத்துக்கு மேலேயே கிடைக்கும். ஆபீஸ் லேப்டாப் 14 அங்குலம். திறந்தா அதோட ஓரம் பக்கத்துல இருக்கிறவர் விலாவுல குத்துது. போன்ல அடிச்சு அடிச்சுக் கட்டைவிரல் வீங்கிப் போச்சு.

பிரவுசிங் வேண்டாம், படம் பாக்க வேண்டாம். தமிழ் அடிக்கணும், அவ்வளவுதான். எடுக்கலாமா?

செம்பூர் சிறுசு | திங்கள், இரவு 10:31

அண்ணே, 1 ஜிபி ரேமுக்கு 4,500 ரூபாயா? என் போன்லயே 8 இருக்கு. ஒரு புளூடூத் கீபோர்டு வாங்குங்க, போனை ஸ்டாண்டுல நிக்க வைங்க, வேலை முடிஞ்சது. நோக்கியான்னதும் எல்லா அங்கிளுக்கும் கண்ணு கலங்கிடுது.

டோம்பிவிலி பாசஞ்சர் | திங்கள், இரவு 10:40

தம்பி, அதையும் பண்ணிப் பாத்தாச்சு. கீபோர்டு மடியில, போன் எங்க? பையை மடியில போட்டு அதுமேல ரெண்டையும் வச்சேன். குர்லாவுல வண்டி ஒரு குலுக்கு குலுக்கினதும் போன் எதிர் சீட்டுக்காரர் செருப்புக்குள்ள போயிடுச்சு. அவர் எடுத்துக் கொடுத்தார், நல்ல மனுஷன். கீலோட இருக்கிற பொருளுக்கு ஒரு சௌகரியம் உண்டு: திரையும் கீபோர்டும் ஒண்ணா நகரும். தாதர் வந்தா ஒரு கையால மூடி பைக்குள்ள தள்ளிடலாம்.

கண்ணு கலங்கினது உண்மைதான்.

வையோ கிழவன் | திங்கள், இரவு 11:05

அழகான நெட்புக்னு பேச்சு வந்தா என்னைக் கூப்பிடாமலேயே வந்துடுவேன்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 2007ல ஆசூஸ் ஈ பிசி வந்தப்ப 7 அங்குலத் திரை, 4 ஜிபி இடம், உள்ள விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ். விளையாட்டு சாமான் மாதிரிதான் இருந்துச்சு, ஆனா சனம் வரிசையில நின்னு வாங்குச்சு. அடுத்த வருஷம் இன்டெல்லோட ஆட்டம் (Atom) பிராசஸர் வந்ததும் ஆளாளுக்கு 10 அங்குலம், 1 ஜிபி, 1024க்கு 600 திரைன்னு ஒரே அச்சுல வார்த்தாங்க. உள்ளுக்குள்ள எல்லாம் ஒண்ணு, அப்ப எதை வச்சு விக்கிறது? அழகை வச்சுத்தான். எச்பி, விவியென் டாம்ங்கிற ஃபேஷன் டிசைனரைக் கூப்பிட்டு சிவப்பு மூடியில பியோனிப் பூ போட வச்சுது. ஆசூஸ் 'சீஷெல்'னு ஓரம் மெலிஞ்ச சிப்பி மாதிரி ஒண்ணு போட்டுச்சு. சோனி 2009 ஜனவரியில வையோ பி காட்டுச்சு. கடித உறை மாதிரி நீட்டமா இருக்கும், ஜீன்ஸ் பின்பாக்கெட்டுல சொருகி விளம்பரம் பண்ணினாங்க. அதை நெட்புக்னு சொன்னா சோனிக்குக் கோவம் வேற வரும்.

பச்சை நிற வையோ பி எங்கிட்ட இருக்கு. 8 அங்குலத்துக்குள்ள 1600க்கு 768 புள்ளி. வாங்கினப்ப 'ஆகா, என்ன கூர்மை'ன்னு வீட்ல எல்லாருக்கும் காட்டினேன். இப்ப எனக்கு வெள்ளெழுத்து. கொம்பு எது, கால் எதுன்னு தெரியலை. 'கெ'வும் 'கே'வும் எனக்கு ஒண்ணுதான். குறை திரையில இல்லை, என் வயசுல.

புக்லெட் திரை 1280க்கு 720. 10 அங்குலத்துக்கு அது சரியான அளவு. 600 உயரத்தோட கஷ்டப்பட்டவங்களுக்குத் தெரியும், ஏதாவது அமைப்பு மாத்தப் போனா 'ஓகே' பட்டன் திரைக்குக் கீழ ஒளிஞ்சுக்கும். புக்லெட்ல அந்தத் தொல்லை கம்மி. ஒரே ஒரு விஷயம், திரை மேல கண்ணாடி மாதிரி பளபளப்பு. காலையில தாணே தாண்டி வண்டி தெற்கே திரும்பினா இடதுபக்க ஜன்னல் வெயில் நேரா விழும். உங்க மூஞ்சியை நீங்களே பாத்துட்டு வரலாம்.

பவாய் பென்குயின் | செவ்வாய், காலை 7:20

உள்ள என்ன இருக்குன்னு சொல்றேன், அப்புறம் முடிவு உங்களோடது.

பிராசஸர் ஆட்டம் இசட்530, 1.6 கிகா ஹெர்ட்ஸ், ஒரே கோர். வேகத்தை அந்த எண்ணை வச்சு எடை போடாதீங்க. அந்தக் கால ஆட்டம் கட்டளைகளை வந்த வரிசை மாறாமத்தான் முடிக்கும். ரேஷன் கடைக் கியூ மாதிரி. முன்னாடி நிக்கிறவர் கார்டைத் தேடி ஜேபியைத் தடவிட்டிருந்தா பின்னாடி இருக்கிற அத்தனை பேரும் நிக்கணும். மத்த பிராசஸர்கள் 'நீ தேடு, அடுத்தவர் வாங்க'ன்னு கூப்பிடும். இதுக்கு அந்தத் தெளிவு கிடையாது. ரெண்டு கியூ விட்டிருக்காங்க, ஆனா கவுன்டர்ல ஆள் ஒருத்தர்தான்.

அப்புறம் ஏன் இதைப் போட்டாங்க? சூடு. சாதாரண நெட்புக்ல வந்த என்270 பிராசஸர் 2.5 வாட்தான், ஆனா கூட வந்த 945 சிப்செட் (பிராசஸரை மத்த பாகங்களோட இணைக்கிற சில்லு) அதைவிட அதிகம் தின்னும். அதனால ஃபேன் வச்சே ஆகணும். புக்லெட்ல பிராசஸரும் சிப்செட்டும் சேர்ந்தே 5 வாட்டுக்குள்ள அடங்கிடும். ஃபேன் வேண்டாம், ஓட்டை வேண்டாம், மூடின அலுமினியப் பெட்டியாவே செய்யலாம். நீங்க மயங்கினீங்களே அந்த அழகு, அது இந்தச் சோம்பேறி பிராசஸர் போட்ட பிச்சை. வேகமானதைப் போட்டிருந்தா முதுகுல ஜல்லடை வந்திருக்கும்.

ஹார்டு டிஸ்க் வட்டும் அதே கதை. மெலிசா இருக்கணும்னு ஐபாட் கிளாசிக்ல வந்த அதே 1.8 அங்குல ரகத்தைப் போட்டாங்க. நிஜமான முடக்கம் அங்கதான். ரேம், போர்டுலயே சாலிடர் பண்ணினது, கூட்ட முடியாது.

கிராஃபிக்ஸ் ஜிஎம்ஏ 500. லினக்ஸ் ஆட்களுக்கு இந்தப் பேரைக் கேட்டாலே வயிறு கலங்கும். இன்டெல் சொந்தச் சரக்கு இல்லை, இமாஜினேஷன் கம்பெனியோட பவர்விஆர் சரக்கு. அதை லினக்ஸ்ல ஓட்டுற ஒழுங்கான ஓப்பன் சோர்ஸ் டிரைவர் பல வருஷம் இல்லவே இல்லை. 2012ல லினக்ஸ் கெர்னல் 3.3ல ஒண்ணு வந்துச்சு. படம் தெரியும், கிராஃபிக்ஸ் வேகம் கூட்டுற வேலை கிடையாது. எழுத்து அடிக்க அது போதும். இது 32 பிட் பிராசஸர்ங்கிறதையும் மறந்துடாதீங்க. குரோம் 2016லயே 32 பிட் லினக்ஸைக் கைகழுவிடுச்சு. டெபியன்ங்கிற லினக்ஸ் ரகத்துல 12ஆம் பதிப்பு வரைக்கும் ஏத்தலாம், 13ல நிறுவவே வழி இல்லை.

விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இருந்தா தூக்கிடுங்க. வால்பேப்பர் மாத்தக்கூட விடாத பதிப்பு அது.

இன்னொண்ணு. பேர்ல '3ஜி'ன்னு இருக்கு, சிம் துளையும் இருக்கு. ஜியோவுக்கு 3ஜியே கிடையாது, ஏர்டெல் மூடியாச்சு. அந்தத் துளையில இனிமே தூசிதான் போகும். போன் ஹாட்ஸ்பாட்டை நம்புங்க.

மாட்டுங்கா மாமி | செவ்வாய், மதியம் 2:10

எல்லாரும் ரேம், வாட்டுன்னு பேசிண்டிருக்கேளே தவிர, தமிழ் அடிக்கிறவாளுக்கு எது முக்கியமோ அதை ஒருத்தரும் கேக்கலை. கீபோர்டோட வலது ஓரம் எப்படி இருக்கு?

நான் தமிழ்99ங்கற விசைப்பலகை முறையில பழகின கை. சென்னையில 1999 மாநாட்டுல முடிவானதுலேர்ந்து வேற எதுலயும் அடிச்சதில்லை. அதுல மேல் வரிசை வலது கோடியில சதுர அடைப்புக்குறி ரெண்டும் ச, ஞ. நடு வரிசையில அரைப்புள்ளி ந, மேற்கோள் குறி ய. கீழே சாய்கோடு ழ. பெட்டியைச் சின்னதாக்கணும்னு வந்தா கம்பெனிக்காரா முதல்ல கைவைக்கிறது அந்த ஓரத்துலதான். இங்கிலீஷ் அடிக்கிறவாளுக்கு அதெல்லாம் எப்பவாவது தொடற குறி. சுண்டுவிரல் அகலத்துல பாதியா நறுக்கினாலும் தெரியாது. நமக்கு அது நித்திய எழுத்து. 'ழ'வை நறுக்கிட்டா தமிழ்லயே நறுக்கின மாதிரி.

முன்னாடி எங்காத்துல ஒரு 9 அங்குல நெட்புக் இருந்தது. கம்பெனி பேர் வேண்டாம். பார்க்க பொம்மை மாதிரி இருக்கும், பேத்தி 'பாட்டி பர்ஸ்'னு சொல்லுவா. அதுல 'நான்' அடிக்கப் போனா ஒரு நாள் 'தான்', ஒரு நாள் 'யான்'. யான் என்ன சங்கப் புலவரா? ஒரு வருஷம் பல்லைக் கடிச்சிண்டு இருந்தேன். அப்புறம் பேத்திக்கே கொடுத்துட்டேன்.

கடைக்குப் போனா எடிட்டரைத் திறந்து 'ஞாயிறு வாழ்நாள் செய்தி'ன்னு பத்து தடவை அடிச்சுப் பாருங்கோ. அஞ்சு எழுத்தும் அதுல வந்துடும். கீபோர்டைக் கண்ணால பார்க்காம அடிக்கணும். எட்டு தடவை சரியா வந்தா வாங்கிக்கலாம்.

பவாய் பென்குயின் | செவ்வாய், மதியம் 2:26

மாமி, இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழாகிற ஒலிப்பு முறையில இந்தப் பிரச்சினையே இல்லையே. எல்லாம் எழுத்துச் சாவிதான்.

மாட்டுங்கா மாமி | செவ்வாய், மதியம் 2:33

'வணக்கம்' அடிக்க உங்களுக்கு எட்டு தட்டு, நடுவுல ஷிஃப்ட் வேற. எனக்கு ஆறு. ரெண்டு 'க' அடிச்சா புள்ளி தானா விழும். அரை மணி நேரந்தான் இருக்குங்கறவர்கிட்ட போய் இதைச் சொல்றேளே.

டோம்பிவிலி பாசஞ்சர் | செவ்வாய், மாலை 6:50

நானும் தமிழ்99தான் மாமி. இது தோணவே இல்லை. இப்ப நினைச்சுப் பாத்தா, போன வருஷம் நண்பரோட குட்டி லேப்டாப்ல அடிச்ச கதை பூரா ஒற்றுப்பிழையா வந்துச்சு. பழி என் மேல விழுந்துச்சு.

சாலிடர் அண்ணாச்சி | செவ்வாய், இரவு 9:48

இப்பத்தான் கடை அடைச்சேன். நான் லேமிங்டன் ரோட்டுல போர்டு வேலை பாக்கவன். இருவது வருசமா இந்தச் சரக்குவளப் பாத்துக்கிட்டிருக்கேன். சொல்லுதேன் கேளும்.

பென்குயின் தம்பி சொன்ன எல்லாம் சரி. வட்டை மாத்தி, சுத்தாத எஸ்எஸ்டி போடலாம்னு யாராச்சும் ஆசை காட்டுவாங்க. 1.8 அங்குலத்துக்குக் கனெக்டரே வேற, அடாப்டர் தேடணும். அதுலயும் இந்தச் சிப்செட்டுக்குள்ள சாட்டாங்கிற புது வட்டு இணைப்பு கிடையாது, பழைய பாட்டாதான், நடுவுல மொழிபெயர்ப்பாளர் வச்சுத்தான் பேசும். தேடுற நேரம் குறையும், அது பெரிய ஆறுதல். ஆனா பறக்கும்னு நெனைக்காதேயும்.

நீரு பாக்க வேண்டியது பேட்டரி. 16 செல், 56.8 வாட் அவர், 12 மணி நேரம் நிக்கும்னு நோக்கியாவே சொல்லி வித்துது. அந்தக் காலத்துல மத்தவனெல்லாம் மூணு மணி, அஞ்சு மணின்னு முக்கிக்கிட்டிருந்தான். இந்தப் பெட்டியோட உசுரே அந்தப் பேட்டரிதான்வே. ஆனா பதினஞ்சு வருசத்துக்கு மேலாச்சு. லித்தியம் செல்லு சும்மா ரேக்குல கெடந்தாலும் சாவும். அலுமினியம் அப்படியே மினுங்கும், உள்ள செத்துக் கெடக்கும்.

கடையில உம்ம முன்னால ஓட்டிக் காட்டுனான்லா, சார்ஜர் சொருகி இருந்துச்சா?

டோம்பிவிலி பாசஞ்சர் | செவ்வாய், இரவு 9:55

இருந்துச்சு அண்ணாச்சி.

சாலிடர் அண்ணாச்சி | செவ்வாய், இரவு 9:57

அப்ப உருவிப் பாரும்.

செம்பூர் சிறுசு | செவ்வாய், இரவு 10:12

அரை மணி நேரம் எழுதுறவருக்கு 12 மணி நேர பேட்டரி எதுக்கு? ரெண்டு மணி நேரம் நின்னாலே போதாதா?

பவாய் பென்குயின் | செவ்வாய், இரவு 10:25

நல்ல கேள்வி தம்பி. எழுதுற நேரத்தை மட்டும் கணக்குப் பண்ணக் கூடாது. இது புதுசா பூட் ஆக எடுத்துக்கிற நேரத்துல வண்டி விக்ரோலியிலேருந்து சயன் போயிடும். அதனால அணைக்கவே கூடாது. மூடித் தூங்க வைக்கணும், திறந்ததும் விட்ட வரியில எழுந்திருக்கணும். தூங்கும்போதும் சொட்டுச் சொட்டா கரண்ட் குடிக்கும். நல்ல பேட்டரின்னா அந்தச் சொட்டு தெரியவே தெரியாது, மெதுவான மெஷின்ங்கிறதும் மறந்து போகும். செத்த பேட்டரின்னா தினமும் பூட், தினமும் காத்திருக்கணும். புக்லெட்டோட குறையையெல்லாம் மூடி வச்சிருந்த போர்வை அந்தப் பேட்டரி.

டோம்பிவிலி பாசஞ்சர் | சனி, இரவு 8:20

போயிட்டு வந்தேன். மழை. கிராண்ட் ரோடு ஸ்டேஷன்லேருந்து கடை வரைக்கும் முழங்கால் நனைஞ்சுது.

முதல்ல மாமி பரீட்சை. நீலத்தை மேஜையில வச்சு, அது தயாராகிறதுக்குள்ள ஒரு கட்டிங் சாய் வந்து, ஆறி, குடிச்சும் முடிச்சாச்சு. கடைக்காரர் அதுல இல்லாததையெல்லாம் ஏத்தி வச்சிருந்தார், மூணு ஆன்டிவைரஸ் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டிட்டிருந்துச்சு, அதனால நோக்கியாவைக் குறை சொல்ல மாட்டேன். 'ஞாயிறு வாழ்நாள் செய்தி' பத்து தடவை அடிச்சேன். ஒன்பது சரி. சாவிகளுக்கு நடுவுல இடைவெளி விட்டு வச்சிருக்கிறதால விரல் தடுமாறலை. கடைப்பையன் எட்டிப் பாத்து, 'க்யா லிக்கா ஹை, அங்கிள்?'னான். சண்டே நியூஸுன்னு சொல்லி வச்சேன்.

ஃபேன் சத்தம் இல்லைன்னு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும், காதை வச்சுக் கேட்டப்ப அந்த நிசப்தம் ஒரு மாதிரி இருந்துச்சு. வெளிய அவ்வளவு ஹார்ன், ஹைதராபாதி ஆட்டோக்காரன் மாதிரி கத்துற பார்சல்காரன். இது மட்டும் மூச்சு விடாம உக்காந்திருக்கு.

அப்புறம் அண்ணாச்சி பரீட்சை. சார்ஜரை உருவினேன். கடைக்காரர் 'அரே, ஸாப்' அப்படின்னு கையை நீட்டினார். திரையில 71 சதவீதம் காட்டுச்சு. நாலாவது நிமிஷம் 38. ஒன்பதாவது நிமிஷம் சொல்லாம கொள்ளாம அணைஞ்சுது. நான் அடிச்ச ஒன்பது ஞாயிறும் போச்சு.

விலை 2,500க்கு வந்துச்சு. அண்ணாச்சி, செல் மாத்திக் கொடுப்பீங்களா?

சாலிடர் அண்ணாச்சி | சனி, இரவு 9:30

மாட்டேன். கோவிச்சுக்கிடாதேயும். பதினாறு மெலிசு செல்லு, கட்டுப்படுத்துற போர்டு பழைய கணக்கை ஞாபகம் வச்சுக்கிட்டு அடம் பிடிக்கும். ஒரு செல்லு கோணலா போனா எரியுதது உம்ம மடியில, அதுவும் நாலாவது சீட்டுல. ஆன்லைன்ல 'புத்தம் புதுசு'ன்னு விக்கவனையும் நம்பாதேயும். அதுவும் என்னைக்கோ செஞ்சு வச்ச சரக்காத்தான் இருக்கும்.

செம்பூர் சிறுசு | சனி, இரவு 9:41

அண்ணே, ஸ்கூல் பசங்களுக்குன்னு விக்கிற 11.6 அங்குலம் பழசா கிடைக்குது. செலரான் என்4000 பிராசஸர் ரகம். அதுலயும் ஃபேன் இல்லாதது இருக்கு. பாக்க டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

பவாய் பென்குயின் | சனி, இரவு 9:58

தம்பி சொல்றது சரியான வழி. 2012 முடிவுல ஆசூஸும் ஏசரும் நெட்புக்கை நிறுத்தினப்ப டேப்லெட் வந்து கொன்னுடுச்சுன்னு எல்லாரும் இரங்கல் எழுதினாங்க. பேருதான் செத்துச்சு. அந்த என்4000 ஆட்டமோட பேரப்பிள்ளை. 6 வாட், ரெண்டு கோர், 64 பிட், கியூவுல காத்திருக்காத புத்தி. 4 ஜிபி ரேம் இருக்கிறதா பாத்து எடுங்க. அகலம் புக்லெட்டைவிட ரெண்டு மூணு சென்டிமீட்டர் கூட வரும். விலாவுல குத்தாது, உரசும்.

மாட்டுங்கா மாமி | சனி, இரவு 10:05

அதுலயும் 'ழ' அடிச்சுப் பார்த்துட்டு.

டோம்பிவிலி பாசஞ்சர் | அடுத்த வெள்ளி, இரவு 9:12

வாங்கியாச்சு. சாம்பல் நிற பிளாஸ்டிக், மூடியில எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ காம்பஸால கீறின கோடு. 5,800. பேட்டரி, அண்ணாச்சி கடையிலேயே சார்ஜரை உருவிப் பாத்து எடுத்தது, அஞ்சு மணி நேரம் நிக்குது. ஞாயிறு பரீட்சையில பத்துக்குப் பத்து. நேத்து காட்கோபர்லேருந்து பைகுல்லா வரைக்கும் ரெண்டு பக்கம் எழுதினேன். பக்கத்து சீட்டுக்காரர் ஒருத்தர்கூட திரும்பிப் பாக்கலை. புக்லெட்டா இருந்தா கேட்டிருப்பாங்கன்னு ஒரு சின்ன ஏக்கம் இருந்துச்சு, மறைக்க மாட்டேன்.

வையோ கிழவன் | அடுத்த வெள்ளி, இரவு 11:20

பாசஞ்சர், நீங்க விட்டுட்டு வந்த நீலத்தை நேத்து நான் போய் எடுத்துட்டேன். 2,000. பேட்டரி ஒன்பது நிமிஷம்னு தெரிஞ்சேதான் எடுத்தேன். வையோ பக்கத்துல வச்சிருக்கேன், பச்சையும் நீலமும். வீட்டுக்காரி கேட்டா உங்களோடது, பத்திரமா வச்சிருக்கேன்னு சொல்லியிருக்கேன். போன் பண்ணினா கொஞ்சம் பாத்துப் பேசுங்க.